கவலூர்க் கண்ணாடியும் 930 கோடி வருஷத்துப் பழைய வெளிச்சமும்

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்று சொன்னால், பெரியபுராணம் கொஞ்சம் தெரிந்தவர்கள் உடனே "சுந்தரர் வழக்கு நடந்த ஊரா?" என்று கேட்பார்கள். அதே ஊர்தான். கதை தெரியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கும் சுந்தரரிடம் ஒரு கிழவர் வந்து, "உன் பாட்டன் எனக்கு அடிமை ஓலை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீயும் எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவே இல்லை. நீ கிழித்தது நகல்தான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது, வா சபைக்கு என்கிறார். சபையில் மூல ஓலையைப் பிரித்து, பாட்டனார் எழுதிய வேறு ஓலையோடு கையெழுத்தை ஒத்துப் பார்த்து, கிழவர் சொன்னது சரி என்று தீர்ப்பாகிறது. கிழவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

பி.காம்.ல ஆடிட்டிங் பேப்பர் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். நகலை நம்பாதே, மூலத்தைக் கேள், இன்னொரு ஆவணத்தோடு ஒத்துப் பார். வவுச்சிங் என்று இன்றைக்குப் புத்தகத்தில் இருப்பது இதுதானே.

சரி, தலைப்பில் வெளிச்சம் என்று போட்டுவிட்டு ஏன் ஓலைக் கதை? காரணம் இருக்கிறது. 2016-ல் நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று வானத்தில் மங்கலான ஒரு புள்ளியைப் பதிவு செய்தது. அது 930 கோடி வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம். அந்தப் புள்ளி மூல ஓலைதானா என்று சபையில் வைத்துச் சரிபார்க்கவே இரண்டு வருஷத்துக்குக் கிட்டே ஆனது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. ஆனால் அதை ராக்கெட்டில் இருந்து தொடங்கினால் புரியாது. கவலூரில் இருந்து தொடங்க வேண்டும்.

கவலூர் நமக்கு ரொம்ப தூரம் இல்லை. திருக்கோவிலூர், திருவண்ணாமலை தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆலங்காயத்துக்கு அருகில். 1960களில் வைணு பாப்பு என்ற வானியலாளர், கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர், இரவு வானத்தைப் பார்க்கத் தென்னாட்டில் நல்ல இடம் தேடி அலைந்து இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். (பாப்பு பிறந்தது சென்னையில், 1927-ல். அவர் பெயரில் ஒரு வால்நட்சத்திரமே இருக்கிறது.) அங்கே முதலில் வைத்த டெலஸ்கோப்பின் கண்ணாடி 38 சென்டிமீட்டர் அகலம். வெளிநாட்டில் வாங்கியது இல்லை, கொடைக்கானலிலேயே செய்தது. 1967-68 வாக்கில் அதை வைத்து வேலை தொடங்கியது. 38 செ.மீ. என்றால் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

பிறகு 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அதே வருஷம் வியாழனின் நிலாவான கானிமீடைச் சுற்றி மெல்லிய காற்று இருப்பதற்கான தடயமும், 1977-ல் யுரேனஸின் வளையங்களுக்கான சான்றும் அதன் மூலம் கிடைத்தன. அதற்கும் பிறகு 2.34 மீட்டர் டெலஸ்கோப், முழுக்க நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. அது முடியும் முன்பே, 1982-ல் பாப்பு காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அதற்கு வைணு பாப்பு டெலஸ்கோப் என்று பெயர் சூட்டினார்.

இந்த இரண்டு அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 38 செ.மீ., 2.34 மீ. இரண்டுமே பின்னால் வரும்.

1990 ஏப்ரலில் அமெரிக்கா ஹப்பிள் டெலஸ்கோப்பை விண்ணில் ஏற்றியது. அதன் கண்ணாடி 2.4 மீட்டர். அதாவது கவலூரில் இருப்பதைவிட ஆறு சென்டிமீட்டர்தான் அதிகம்! இதை முதலில் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கா அது உலகப் புகழ்? இல்லை, வித்தியாசம் கண்ணாடியில் இல்லை. இடத்தில் இருக்கிறது. கவலூருக்கு மேலே காற்று மண்டலம் முழுசாக நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிவிடும். மேகம் இல்லாத நாளிலும் காற்று நடுங்குவதால் நட்சத்திரம் மினுக்கும், படம் கலங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை ஓசோனும் காற்றும் மேலேயே விழுங்கிவிடும். நம் தோலுக்கு அது நல்லது, வானியலுக்குக் கெட்டது. எத்தனை பெரிய கண்ணாடி வைத்தாலும் தரையில் வந்து சேராத வெளிச்சத்தைப் பார்க்க முடியாது.

ஹப்பிள் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது 1995 டிசம்பர். அதன் அறிவியல் மையத்தின் இயக்குனர் ராபர்ட் வில்லியம்ஸ். இயக்குனர் என்பதால் டெலஸ்கோப்பின் நேரத்தில் ஒரு பங்கு அவர் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத ஒரு பொட்டு இடத்தைப் பத்து நாள் தொடர்ந்து பார்க்கச் சொன்னார். கையை நீட்டி ஒரு மணல் துகளைப் பிடித்தால் மறைக்கிற அளவு இடம். மூத்த விஞ்ஞானிகள் சிலர் வேண்டாம் என்றார்கள். ஹப்பிள் ஏறியபோதே கண்ணாடியில் பிழை இருந்து, உலகமே சிரித்து, 1993 டிசம்பரில்தான் விண்வெளி வீரர்கள் போய்ச் சரி செய்துவிட்டு வந்திருந்தார்கள். மறுபடியும் வெறும் கறுப்பைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலகம் முழுக்க வரிசையில் ஆள் நிற்கிறார்கள். கணக்குப் படிக்கிறவன் பாஷையில் சொன்னால், வருமானம் வருமா என்றே தெரியாத இடத்தில் போட்ட முதலீடு.

342 படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பொட்டு இடத்தில் ஏறக்குறைய 3,000 கேலக்ஸிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள்.

அதற்குப் பிறகு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2003-04-ல் தெற்கு வானத்தில் இன்னொரு வெற்றிடத்தை இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள், 10,000 கேலக்ஸி. அதே இடத்தைப் பத்து வருஷம் எடுத்த படங்களையெல்லாம் அடுக்கி 2012-ல் இன்னும் ஆழமான படம் ஒன்று வெளியிட்டார்கள். மனிதன் இவ்வளவு உற்றுப் பார்த்த இடம் வானத்திலேயே குறைவு. இந்தத் தெற்குப் பொட்டுதான் நம் கதைக்குத் தேவை.

தூரமாகப் பார்ப்பது என்றால் பழசைப் பார்ப்பது. இது பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்துக்கும் பயண நேரம் உண்டு. 930 கோடி வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சம், கிளம்பியபோது இருந்த காட்சியைத்தான் காட்டும். அது கிளம்பும்போது நம் சூரியனே பிறக்கவில்லை. பாதி வழி வந்த பிறகுதான் சூரியனும் பூமியும் உண்டாயின. மொத்தப் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி வருஷம்.

இதில் ஒரு பெரிய மர்மம் உண்டு. பெருவெடிப்புக்குப் பிறகு சுமார் 3,80,000 வருஷத்தில் சூடு தணிந்து ஹைட்ரஜன் அணுக்கள் உருவாயின. நட்சத்திரம் எதுவும் இன்னும் பிறக்கவில்லை, எங்கும் இருட்டு. பிறகு முதல் நட்சத்திரங்களும் குட்டிக் கேலக்ஸிகளும் பற்றிக்கொண்டன. ஆனால் சுற்றிலும் ஹைட்ரஜன் மூட்டம். மார்கழி விடியற்காலையில் திண்டிவனம் பைபாஸில் லாரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு வருமே, வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாதே, அந்த மாதிரி. ஆனால் பிரபஞ்சத்துக்கு 100 கோடி வயது ஆகும்போது மூட்டம் கலைந்துவிட்டது. கலைத்தது யார்?

ஹைட்ரஜன் அணுவை உடைக்க 91.2 நானோமீட்டரைவிடக் குறுகிய அலை நீளமுள்ள கடுமையான புற ஊதா வேண்டும். இளம் நட்சத்திரங்கள் அதை வெளியிடும். ஆனால் அந்தக் கதிர் பிறந்த கேலக்ஸியிலேயே இருக்கும் ஹைட்ரஜன் அதை விழுங்கிவிடுமே, வெளியே எப்படிக் கசிந்தது? எவ்வளவு கசிந்தது? இதுதான் கேள்வி. ஆதிகால கேலக்ஸிகளை நேராகப் பார்த்து விடை சொல்ல முடியாது. ஏனென்றால் வழியில் இருக்கும் மூட்டமே அந்தக் கதிரைக் குடித்துவிடுகிறது. திருடனைப் பிடிக்கப் போனால் தடயத்தையும் அவனே தின்றுவிட்டான் என்பது போல.

எனவே வேறு வழி. கொஞ்சம் கிட்டே, மூட்டம் கலைந்த காலத்தில், அதே ஜாதியில் இருக்கும் குட்டிக் கேலக்ஸிகளைத் தேடு. அவற்றில் கசிவு இருக்கிறதா பார். நமக்கு மிக அருகில் சிலதும், மிகத் தொலைவில் சிலதும் கிடைத்திருந்தன. நடுவில் ஒரு பெரிய இடைவெளி, பேலன்ஸ் ஷீட்டில் சில வருஷம் காணாமல் போன மாதிரி.

இங்கேதான் நம் ஆள் வருகிறார்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-30 கிளம்பியது. அதில் ஆஸ்ட்ரோசாட், சுமார் 1,500 கிலோ, 650 கி.மீ. உயரத்தில் சுற்ற வேண்டியது. செலவு 178 கோடி ரூபாய் என்று பத்திரிகைகளில் வந்தது. அதில் ஐந்து கருவிகள். நான்கு எக்ஸ்ரே சமாச்சாரம், ஐந்தாவது யுவிட் என்ற புற ஊதா டெலஸ்கோப். இரட்டை டெலஸ்கோப். ஒவ்வொன்றின் கண்ணாடியும் 37.5 சென்டிமீட்டர்.

ஞாபகம் வருகிறதா? கவலூரில் பாப்பு வைத்த முதல் டெலஸ்கோப்பின் அளவு, ஏறக்குறைய அதே! யுவிட்டைக் கட்டும் வேலையை முன்னின்று நடத்தியதும் பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். கவலூரை நடத்துவதும் அதுவேதான். அளவு ஒத்துப்போனது தற்செயல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புனேயின் அயூக்கா, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனம், இஸ்ரோ, கனடா விண்வெளி நிறுவனம் எல்லாரும் கூட்டு.

புற ஊதா டெலஸ்கோப் என்பது பூஞ்சை உடம்புக்காரன் மாதிரி. கண்ணாடியில் கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டினால் போதும், புற ஊதா எதிரொலிக்காது. அதனால் பெங்களூர் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் தூசி புகாத அறைகளில் வைத்துச் சேர்த்தார்கள். விண்ணுக்குப் போன பிறகும் உடனே திறக்கவில்லை. செயற்கைக்கோளில் ஒட்டியிருக்கும் ஆவியெல்லாம் வெளியேறட்டும் என்று ஏறக்குறைய இரண்டு மாதம் மூடியே வைத்திருந்தார்கள். ராக்கெட் ஏறியவுடன் கைதட்டிவிட்டு டிவியை அணைத்துவிடுகிறோம், அதற்குப் பிறகு இப்படி இரண்டு மாதம் பொறுமையாகக் காத்திருந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2016 அக்டோபரில் அயூக்காவைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழு யுவிட்டை அந்தத் தெற்குப் பொட்டின் பக்கம் திருப்பியது. மொத்தம் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தார்கள். ஒரே மூச்சில் இல்லை. செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும், இருட்டுப் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு நிமிடம் யோசியுங்கள். ஹப்பிள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உற்றுப் பார்த்த இடம் அது. ஹப்பிளின் கண்ணாடிப் பரப்பு யுவிட்டைப்போல 41 மடங்கு. (2.4-ஐ 0.375-ஆல் வகுத்து வர்க்கம் போட்டுப் பாருங்கள்.) யானை தேடிவிட்டுப் போன இடத்தில் எறும்பு போய் என்ன கண்டுபிடிக்கும்?

கண்டுபிடித்தது. ஹப்பிளில் அகப்படாத கடும் புற ஊதா யுவிட்டில் அகப்பட்டது. காரணம் இரைச்சல். எந்த எலக்ட்ரானிக் கண்ணும் வெளிச்சமே இல்லாதபோதும் தானாகக் கொஞ்சம் பொய்யான புள்ளிகளை உண்டாக்கும். கூட்டமான பஸ் ஸ்டாண்டில் ஒருவர் காதோடு பேசினால் கேட்காது, ஊர் அடங்கிய பிறகு கேட்கும், அது போல. யுவிட்டின் உணரியில் அந்த இரைச்சல் ஹப்பிளைவிட மிகக் குறைவு. அது வெளிச்சத்தை மொத்தமாகச் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. நொடிக்கு 29 படம் எடுத்து, வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. மளிகைக் கடை நாள்வழிப் புத்தகத்தில் ஒவ்வொரு எட்டணாவையும் தனி வரியில் எழுதும் பழைய கணக்குப்பிள்ளை மாதிரி. அப்படி எழுதினால்தான் எந்த எட்டணா கள்ள நாணயம் என்று பிறகு பிரிக்க முடியும்.

இப்போது சபைக்கு வருவோம். புள்ளி கிடைத்தது, ஆனால் அது மூல ஓலையா? இந்தத் தேடலில் ஏமாந்தவர்கள் உண்டு. தூரத்துக் கேலக்ஸிக்கு முன்னால், அதே கோட்டில், பக்கத்துக் கேலக்ஸி ஒன்று நின்றுகொண்டிருந்தால் அதன் சாதாரண வெளிச்சத்தையே தூரத்தில் இருந்து வந்த கடும் கதிர் என்று நினைத்துவிடுவோம். கருவியின் இரைச்சலே புள்ளி மாதிரி தெரியலாம். ஒவ்வொன்றாக ஆட்சேபணை எழுப்பி ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஹப்பிளின் கூர்மையான படங்களோடு ஒத்துப் பார்த்தார்கள், குறுக்கே யாரும் நிற்கவில்லை. நிறமாலையை வைத்துத் தூரத்தை உறுதி செய்தார்கள். செம்பெயர்ச்சி 1.42. அதாவது வழியில் பிரபஞ்சம் விரிந்ததால் அலை நீளம் 2.42 மடங்கு நீண்டுவிட்டது. கிளம்பும்போது சுமார் 60 நானோமீட்டர், நம்மிடம் வரும்போது சுமார் 145. அந்த 145-ஐத்தான் யுவிட்டால் பார்க்க முடியும். கிளம்பிய 60 என்பது 91.2-க்குக் கீழே, ஹைட்ரஜனை உடைக்கும் ஜாதிதான். இதையெல்லாம் முடித்து 2020 ஆகஸ்டில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவோடு சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், நெதர்லாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்த கட்டுரை. யுவிட்டைக் கட்டியதில் முக்கியப் பங்கு வகித்த ஷ்யாம் டாண்டனும் அதில் ஒருவர். கேலக்ஸிக்கு வைத்த பெயர் ஏ.யு.டி.எஃப்.எஸ்.01. சுத்தமாக அழகில்லாத பெயர் :-)

அந்தக் கேலக்ஸி நம் பால்வீதியைவிட மிகச் சிறியது, கட்டி கட்டியாக நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருந்தது. அது உண்டாக்கிய கடும் கதிரில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வெளியே கசிந்திருக்கிறது. மூட்டத்தைக் கலைத்தது இந்த மாதிரிக் குட்டிகள்தான் என்ற கருத்துக்கு இது ஒரு நேரடிச் சாட்சி. ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது வந்த சில செய்திகளை மேலோட்டமாகப் படித்தவர்கள் உலகிலேயே மிகத் தொலைவான கேலக்ஸியை இந்தியா கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அது தவறு. 2016 மார்ச்சிலேயே ஹப்பிள் மூலம் ஜி.என்.-இசட்11 என்ற கேலக்ஸி கிடைத்திருந்தது, பெருவெடிப்புக்கு 40 கோடி வருஷம் கழித்து இருந்தது. நம்முடையது அதற்கு ரொம்ப இந்தப் பக்கம். தூரத்தில் நாம் முதலிடம் இல்லை. அந்தத் தூரத்தில் இருந்து, அந்த அலை நீளத்தில், அதுவரை யாரும் எடுக்காத ஒரு கதிரை எடுத்தோம். இதுவே போதுமான பெருமை. இல்லாத பட்டத்தைச் சேர்த்துப் போட்டால் இருப்பதையும் நம்ப மாட்டார்கள்.

தூரப் போட்டி இப்போது வேறு ஆள் கையில். 2021 டிசம்பர் 25-ல் ஏறிய ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப், 6.5 மீட்டர் கண்ணாடி, பூமியில் இருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது, செலவு ஆயிரம் கோடி டாலர். அது அகச்சிவப்பில் பார்க்கிறது, ஏனென்றால் அவ்வளவு தூரத்து வெளிச்சம் நீண்டு நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது. 2024-ல் பெருவெடிப்புக்கு 29 கோடி வருஷம் கழித்து இருந்த ஒரு கேலக்ஸியை அறிவித்தார்கள், 2025-ல் 28 கோடி வருஷத்துக் கேலக்ஸி. எதிர்பார்த்ததைவிட இவை பிரகாசமாக இருப்பதால் கோட்பாட்டுக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஆனால் வெப்பாலும் அந்த ஆதிக் கேலக்ஸிகளில் இருந்து கசிந்த கடும் கதிரை நேராகப் பார்க்க முடியாது. மூட்டம் குடித்துவிட்டதே. அந்தக் கணக்குக்கு இன்னும் நம் யுவிட் பார்த்தது போன்ற கிட்டத்துக் குட்டிகளைத்தான் கேட்க வேண்டும்.

வெப்பின் படங்கள் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகின்றன. அதில் இருந்து 2025-ல் புனேயில் ராஷி ஜெயின், யோகேஷ் வடதேகர் என்ற இருவர் ஒரு கேலக்ஸியை எடுத்தார்கள். பெருவெடிப்புக்கு 150 கோடி வருஷத்திலேயே நம் பால்வீதி மாதிரி இரண்டு சுருள் கைகளோடு அழகாக நிற்கிறது. அவ்வளவு சீக்கிரம் அப்படி ஒழுங்காக அமையாது என்று நினைத்திருந்தார்கள். இதற்குப் பெயரும் நன்றாக வைத்தார்கள், அலக்நந்தா. இந்தியில் பால்வீதியை மந்தாகினி என்பார்கள், மந்தாகினிக்கு அக்கா தங்கை மாதிரி இமயத்தில் ஓடும் இன்னொரு ஆறு அலக்நந்தா.

ஆற்றுப் பெயர் வைக்கலாம் என்று தெரிந்தவுடன் எனக்கு ஒரே யோசனை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது பிசிக்ஸ் எடுத்துப் படித்து ஒன்றைக் கண்டுபிடித்தால் பெண்ணை என்று வைக்கலாம். எங்கள் ஊருக்கு வடக்கே ஓடும் ஆறுதான். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும், அதனால் என்ன.